முருகையாவின் முதுகில் இருந்தவன்

சின்னத்தாய் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவள் மிதித்தால் பிடிப்பு விடும் என்று நம்பி, மலாயாவில் புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி உள்ளே கிடந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் இடுப்புப் பிடித்தவர்கள் எல்லாரும் அவள் வாசலுக்குத்தான் வந்தார்கள். பால் வாளி தூக்கி மூச்சுப் பிடித்தவன், குனிந்து குனிந்து நிமிர முடியாமல் போனவள், யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை அந்தியில் வந்து குப்புறப் படுப்பார்கள். குதிகாலில் தொடங்கி, கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று அவள் மிதித்துக்கொண்டே மேலே போவாள். கூலி கிடையாது, ஒரு வெற்றிலை போதும்.

மிதிபட வந்தவர்கள் எவரும் பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவளை அழைத்ததில்லை. அவளைப் பெற்றதில் தாய் செத்துப்போயிருந்தாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனால் டவுனிலிருந்து ஆள் வருவான். பிரசவ வலியில் துடித்த கூலிக்காரிக்கு ஒருவரும் வரவில்லை. அந்தப் பழியைத் துரைமீது போட யாருக்கும் தைரியமில்லை. பிறந்த குழந்தையின் காலில் போட்டார்கள். சின்னத்தாயும் அதை நம்பித்தான் வளர்ந்தாள்.

அவளுக்கு மிஞ்சிய சொந்தம் தம்பி முருகையா. சித்தி பெற்ற பிள்ளை; ஆனால் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

அவசரகாலச் சட்டம் வந்ததும் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்விடுமாம். கேட்டில் நிறுத்தி மடியையும் கொண்டையையும் தடவிப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு பால் வெட்டினார்கள் ஜனங்கள்.

ஒரு நாள் தோட்டத்து எல்லையில் பட்டாளம் ஒருவனைச் சுட்டது. அவன் ஓடும்போது முதுகில் பட்டது குண்டு. பக்கத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த முருகையாவைக் கூப்பிட்டு, லோரி வரைக்கும் பிணத்தைத் தூக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீடு திரும்புகிற காலமா அது? முதுகில் சுமந்துகொண்டு வந்தான். செத்தவனுடைய கைகள் அவன் நெஞ்சில் தட்டிக்கொண்டே வந்தனவாம். அதை அவன் அக்காளிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

அதன் பிறகு நடு முதுகில் நோவு கண்டது. பல நாளாகவே அந்தி நேரத்தில் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்ததையும், உடம்பு கரைந்துகொண்டிருந்ததையும் எல்லாரும் மறந்துபோனார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் தைலம் கொடுத்து, சோம்பேறி என்று கணக்கு பார்க்கும் கிராணியிடம் சொல்லிவிட்டார். மெல்ல மெல்ல முதுகில் ஒரு முண்டு எழும்பியது. கேட்டில் காவல்காரன் அதைத் தடியால் குத்தி, அரிசி மூட்டையா என்று கேட்டான். சட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னான். தினமும் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து இருவரும் திரும்பும்போது, முருகையாவின் ஒரு செருப்பு பாதையில் கிடந்ததைச் சின்னத்தாய் பார்த்தாள். அவன் ஒரு கால் வெறுங்காலாக முன்னால் போய்க்கொண்டிருந்தான். கல்லும் முள்ளும் குத்தி ரத்தம் வந்தும் அவன் குனிந்து பார்க்கவில்லை. கூப்பிட்டுச் செருப்பைக் காட்டினாள். அவன் அதை வேறு யாருடையதோ போலப் பார்த்தான்.

சில வாரங்களில் நடையும் போயிற்று. பலகையில் படுத்தே கிடந்தான். அப்போதுதான் லயமே நடுங்குகிற காரியம் தொடங்கியது. யாராவது போர்வையை இழுத்தால், காலைத் தொட்டால், அவன் கால்கள் தாமாகவே உதறத் தொடங்கின. குதிகால் பலகையில் தடதடவென்று அடிக்கும். முகம் அமைதியாக இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கால்கள் மட்டும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

கோயில் பூசாரி நாராயணசாமி வந்து பார்த்தார். "முதுகுல சுமந்தானே, அவன் இன்னும் இறங்கல. சுடறப்ப ஓடிக்கிட்டு இருந்தான் இல்ல? இன்னும் ஓடறான்" என்றார்.

பக்கத்து வீடுகளில் கதவை அந்திக்கு முன்பே சாத்தத் தொடங்கினார்கள். முருகையாவே தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சின்னத்தாயும் நம்பினாள். சோறு ஊட்டும்போது அவன் முதுகுப் பக்கம் உட்காரப் பயந்தாள்.

வெள்ளிக்கிழமை சின்னத்தாய் மிதிக்க வேண்டும், முண்டின்மேல் முழுப் பாரத்தையும் இறக்க வேண்டும், அப்போதுதான் செத்தவன் இறங்குவான் என்று பூசாரி முடிவு சொல்லிவிட்டார். அந்தியில் ஜனம் கூடியது. முருகையாவை வாசலில் குப்புறக் கிடத்தினார்கள். கற்பூரம் எரிந்தது.

சின்னத்தாய் வழக்கம்போலக் குதிகாலில் கால் வைத்தாள். கால்கள் உதறின. அவள் கீழே விழாமல் கூரைக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். கெண்டைக்காலில் ஏறினாள், பிறகு தொடையில். அவள் உடம்பின் பாரம் முழுவதும் அவன்மேல் இருந்தது.

கீழேயிருந்து முருகையா கேட்டான்: "என்னக்கா, இன்னும் ஏறலியா?"

சின்னத்தாய் குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். முதுகில் எவனோ ஏறியிருக்கிறான் என்று இத்தனை நாளும் பயந்தாள். இவனோ தன்மேல் நிற்கிற அக்காளையே அறியவில்லை. வந்து சேர்ந்தவன் எவனும் இல்லை. இருந்த கால்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. இன்னும் ஓர் அடி மேலே வைத்தால் மிச்சமும் போய்விடும் என்று உள்ளுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. இறங்கிவிட்டாள்.

"பயந்துட்டியா?" என்றார் பூசாரி.

"ஆமா. பேய நெனச்சு இல்ல, உங்களை நெனச்சுத்தான்" என்றாள். அதன் பிறகு அவள் யாரையும் மிதிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக லோரி வேண்டும். கேட்டைத் தாண்டப் பாஸ் கடுதாசி வேண்டும். இரண்டும் கிராணி சிவானந்தத்தின் கையில். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே அவர்முன் போய் நின்றாள். நடக்கிறதுக்கு மனசில்லாதவனுக்கு லோரி கேட்கிறாயா, எல்லாம் நடிப்பு லா என்றார் அவர். அவள் நகரவில்லை. நடிப்பை உடைத்துக் காட்டுகிறேன் என்று பிரம்பை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார்.

வந்தவர் முருகையாவின் உள்ளங்காலில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார்.

"வாங்க ஐயா" என்றான் முருகையா, அடி வாங்கியதே தெரியாமல். அவன் கால்கள் ஓடத் தொடங்கின. பலகை அதிர்ந்தது. விடிந்தும் விடியாத அந்த வெளிச்சத்தில் கிராணியின் முகம் வெளுத்தது.

சின்னத்தாய் அவர் கண்ணைப் பார்த்தாள். நோய் என்று சொன்னால் இவர் நம்பமாட்டார், ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. தனக்கு நம்பிக்கை விட்டுப்போன ஒன்றைத்தான் கடைசியில் எடுத்தாள்.

"இவன் இங்கியே செத்தா, இவன் முதுகு மேல இருக்கிறவன் சும்மாவா போவான்? கடைசியா தொட்டவங்க மேலதாங்க ஐயா ஏறுவான்."

பிரம்பு கீழே விழுந்தது. வெயில் ஏறுமுன் லோரி வந்தது. நோய்க்குத் திறக்காத கேட் பேய்க்குத் திறந்தது. காவல்காரன்கூட அன்று முண்டைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைச் சின்னத்தாய் சொல் விடாமல் நினைவில் வைத்துக்கொண்டாள். காசநோய் முதுகெலும்பை அரித்துவிட்டது. எலும்பு நொறுங்கி முண்டாகத் தள்ளியிருக்கிறது. உள்ளே கட்டிய சீழ் தண்டுவடத்தை நெரிக்கிறது; கால் மரத்ததும் அதனால்தான், தானாக உதறுவதும் அதனால்தான். எல்லா முதுகு நோவுக்கும் கத்தி தேவையில்லை, மருந்தும் படுக்கையும் போதும். இதற்குப் போதாது, திறந்து எடுக்க வேண்டும். கால் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது. முண்டை யாராவது மிதித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

அறுவை முடிந்தது. அதற்கப்புறம் வந்த மாதங்களில் அவள் லயத்தில் தனியாக இருந்தாள். அவள் சொன்ன பொய் அவளைச் சும்மா விடவில்லை. பேய் முருகையாவை விட்டு அவள்மேல் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் வாளியை எடுத்துக்கொண்டு விலகினார்கள். ஆளில்லாத பலகை அந்தியில் தடதடக்கிறது என்றார்கள். சின்னத்தாய் அந்தப் பலகையைப் பிளந்து அடுப்பில் வைத்து உலை கொதிக்கவைத்தாள். அதன் பிறகும் சத்தம் கேட்பதாகத்தான் சொன்னார்கள்.

பாஸ் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில் நனைந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாவுக்கட்டில் முருகையா மல்லாந்து கிடந்தான். தலையைத் தூக்கிக் கால் பக்கம் பார்க்க அவனால் முடியாது. அவள் பேசாமல் கட்டிலின் கோடியில் நின்று, ஈரக் கையை அவன் பாதத்தில் வைத்தாள். கால்கள் உதறவில்லை.

"யாரது?" என்றான் அவன். பிறகு, "அக்கா, கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றான்.

அவள் கையை எடுக்கவே இல்லை.