பௌலோஸ் சார் போட்ட நேர்க்கோடு

கோட்டயத்தில் அரசாங்கத்துக்குச் சாலை வரைந்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் பௌலோஸ் சார் மூத்த பொறியாளர். அவர் வரைந்த சாலையில் பஸ் ஏறியவர்கள் இறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். மலைப்பாதை அப்படித்தான் என்று வெளியூர்க்காரர்கள் சமாதானப்படுத்திக்கொள்வார்கள். மலை பாவம், அது தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் நேராகத்தான் ஒரு கோடு போட்டார். அது ஒரு கள்ளுக்கடையின் அடுப்படி வழியாகப் போனது. அளக்கப் போன இடத்தில் ஊரே கூடி அவரை ஜீப்போடு மறித்து, இருட்டும்வரை விடவில்லை. அன்றைக்கு வந்தது ஞானம். அதற்குப் பிறகு யார் வந்து முகத்தைச் சுளித்தாலும் கோட்டை வளைத்துவிடுவார். ரப்பர் முதலாளியின் மாட்டுத்தொழுவத்துக்கு ஒரு வளைவு, ரிட்டயர்டு தாசில்தாரின் பலாமரத்துக்கு ஒரு வளைவு. கட்சிக் கொடிமரம் ஒன்றுக்கு வளைத்தால், எதிர்க்கட்சிக் கொடிமரத்துக்கும் வளைக்காமல் விடமாட்டார். அந்த நடுநிலையில் அவருக்குப் பெருமை உண்டு. முதுகெலும்பு இல்லாததை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல நம் நாட்டில்தான் முடியும்.

அப்படிப்பட்டவருக்கு அவருடைய சொந்த ஊர்ச் சாலையே வந்து சேர்ந்தது. மூலக்கடவிலிருந்து ஆனப்பாறை வரை அகலப்படுத்த வேண்டும். இதிலும் வழக்கம்போல் கொடிமரம், பலாமரம், சாலையோரச் சிலுவைக் குருசடி என்று எல்லாவற்றுக்கும் வளைத்தாயிற்று. நடுவழியில், மட்டமான நிலத்தில், அவர் வீடு. வீட்டு முன்னால் மனைவி ஜெசிந்தா அப்போதுதான் ஆசை ஆசையாகக் கார் நிறுத்த ஒரு போர்ட்டிகோ கட்டி முடித்திருந்தாள். நாலு தூண், தூண் உச்சியில் சிமெண்டுத் தாமரை. மாமன் மச்சான் வீடுகளில் யாருக்கும் அப்படி இல்லை. பௌலோஸ் சார் சாலையை லேசாக எதிர்ப்பக்கம் நெளித்தார். எதிர்ப்பக்கம் இருந்தது ஏலியாம்மாவின் தையல்கடை. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்த ஒற்றை அறைதான்.

செய்தி தெரிந்து அவள் வந்தாள்.

"சாரே, என் கடை மேலயே ரோடு போகுதுங்கிறாங்க. கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

"ஏலியாம்மே, இதெல்லாம் நான் வரையறதுன்னா நினைச்சே? கம்ப்யூட்டர் வரையுது. நான் வெறும் பொத்தானை அமுக்கறவன். அதுகிட்ட போய் நாம என்ன பேச முடியும்?"

அவருடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்தவள் அவள். சார் சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அவருக்கு ஒரு வினாடி என்னவோ போலிருந்தது. பிறகு ஜெசிந்தா மீன்குழம்பு ஊற்றினாள்.

வரைந்த பாதையைச் சாலை இலாகாவின் சோதனை மென்பொருளில் ஏற்றிக் காட்டும் நாள் வந்தது. ஏற்றினார். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. பெட்டி வந்தால் படிக்காமல் 'சரி' என்று அமுக்குவதுதான் அவர் இத்தனை வருஷமும் கைக்கொண்ட முறை. அமுக்கினார். பாதை ஏறவில்லை. மறுபடி ஏற்றினார், மறுபடி பெட்டி. கோப்பின் பெயரை மாற்றினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரில் முயன்றார். மென்பொருள் விற்றவனைப் போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினார். வைரஸாக இருக்கும் என்றார் கம்பெனி முதலாளி. கணக்குப் பெண் மானிட்டருக்கு ஊதுபத்தி காட்டினாள்.

கடைசியில் இலாகாவிலிருந்து சுமய்யா மேடம் நேரில் வந்தார். அவருக்குப் பொறுமை குறைவு.

"பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா சார்?"

"எப்பவும் வர்றதுதானே மேடம்."

"படிங்க. ஒரு பாதையில ஐந்நூறு துண்டு வரைக்கும்தான் ஏத்த முடியுமாம். உங்களோடது அறுநூறைத் தாண்டி நிக்குது."

பௌலோஸ் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வளைவும் ஒரு துண்டு அல்ல. அதற்கு முன்னால் ஒரு நேர்க்கோடு, மெல்லத் திரும்ப ஒரு துண்டு, வளைய ஒரு துண்டு, மெல்ல நிமிர ஒரு துண்டு. ஒரு கொடிமரம் நாலு துண்டு தின்றிருந்தது.

"பாம்புகூட இப்படி நெளியாது சார்," என்றார் மேடம். "கொஞ்சத்தை எடுத்துடுங்க."

எதை எடுப்பது? கட்சிச் செயலாளரைக் கூப்பிட்டார். "எடுங்க, தாராளமா எடுங்க. நாளைக்கு எங்க கொடியை உங்க ஆபீஸ் வாசல்ல நட்டுக்கறோம்," என்றார் அவர். குருசடிக்காகப் பாதிரியாரைக் கேட்டார். "எல்லாம் கர்த்தர் சித்தம் பௌலோஸே. ஆனா குருசடியைத் தொட்டுடாதே," என்று பதில் வந்தது. தாசில்தார் பலாமரத்தின் சார்பில் வழக்குப் போடுவேன் என்றார்.

"அப்ப ஒரே வழிதான்," என்றார் மேடம். "பாதையை நடுவுல ரெண்டா வெட்டித் தனித்தனியா ஏத்தி, அப்புறம் ஒட்டணும். ஒட்டற இடம் நல்லா நீளமான நேர்க்கோடா இருக்கணும். வளைவுல ஒட்டினா சோதனையில தேறாது. எங்க இருக்கு நேர்க்கோடு?"

தேடினார்கள். பௌலோஸ் சார் வரைந்த பாதையில் நேர்க்கோடு தேடுவதா? மேடத்தின் விரல் நடுவழியில் வந்து நின்றது.

"இந்த வளைவு எதுக்கு? இங்க மலை இல்ல, ஓடை இல்ல, கொடியும் இல்ல. இதை நிமித்தினா தாராளமா நேர்க்கோடு கிடைக்குதே."

முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். அது என் வீட்டுப் போர்ட்டிகோ என்று எப்படிச் சொல்வது? ஊரான் வீட்டு மாட்டுக்கெல்லாம் பேசிய வாய் தன் வீட்டுத் தூணுக்குத் திறக்கவில்லை.

"அது... பார்வைக்கு அழகா இருக்கட்டும்னு போட்டது மேடம்."

"அழகா!" என்று மேடம் அதை அழித்தார். இரண்டு பாதிகளும் ஏறின, ஒட்டின, பெட்டி வரவில்லை. முதலாளி சாரின் முதுகில் தட்டினார். எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வந்தது. அவர் தன் பங்கைக் கணக்குப் பெண் பக்கம் தள்ளிவிட்டார்.

ரோடு எதுவரை வரும் என்று காட்டும் மஞ்சள் அடித்த அளவுக்கல் போர்ட்டிகோவின் உள்ளே, கார் நிற்க வேண்டிய இடத்தில் நடப்பட்டது.

"இச்சாயா, ஊர்ல இருக்கற பலாமரத்துக்கெல்லாம் வளைச்சீங்களே," என்று ஜெசிந்தா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வளைவு மிச்சம் வைக்கத் தோணலையா உங்களுக்கு?"

வைத்திருந்தேன் என்று சொன்னால் யாரிடமிருந்து எடுத்து வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

அழுகைச் சத்தம் கேட்டு, இடிபடாமல் தப்பிய தன் கடையிலிருந்து ஏலியாம்மா கழுத்தில் டேப்போடு சாலையைத் தாண்டி வந்தாள். கல்லைப் பார்த்தாள், தாமரையைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

"மனசைத் தளர விடாதீங்க சாரே. உங்க கையில என்ன இருக்கு? கம்ப்யூட்டர் வரையுது. அதுகிட்ட போய் நாம என்ன பேச முடியும்?"

குத்திக்காட்டுகிறாளா என்று பௌலோஸ் சார் அவள் முகத்தில் தேடினார். இல்லை. அவள் அதை நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.