அம்மாவை வரவழைக்க அனுப்பிய படங்கள்

அம்மா மஸ்கட்டில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போன நான்காம் நாளே படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. முதல் படத்தில் அம்மா படகில் உட்கார்ந்திருந்தாள். தலையில் என் தங்கையின் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. "டால்பின் பாக்க வந்தோம்" என்று தங்கை குடும்பக் குரூப்பில் எழுதியிருந்தாள். ஐந்தே நிமிடத்தில் மும்பைப் பெரியம்மா, விசாகப்பட்டினத்து அத்தை, பெங்களூர் மாமா என்று வரிசையாக இதயம் போட்டார்கள். பெரியம்மாவுக்கு அதுவும் போதவில்லை. "பெத்தா இப்டி ஒரு பொண்ணு பெக்கணும்" என்று குரல் பதிவு வேறு அனுப்பினாள்.

நானும் அதே வயிற்றில் பிறந்தவள்தான். எனக்கு அதுவரை ஒருத்தரும் இதயம் போட்டதில்லை.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து ஒன்பது வருஷமாக அம்மா என்னோடுதான் இருக்கிறாள். திருவொற்றியூரில், விம்கோ நகர் பக்கம், ஒரு கூடமும் ஓர் அறையும் உள்ள வீடு. என் வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான் ஒரு கண்டெய்னர் கிடங்கின் வாசலில், வந்துபோகிற வண்டிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்குவது நான். கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்தது நான். தங்கையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பேரீச்சம்பழமும் தைலமும் எடுத்துக்கொண்டு வருவாள், பத்து நாள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவாள், போய்விடுவாள். இந்த டிசம்பரில் அம்மாவையே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதம் என்று பேச்சு.

படங்கள் நிற்கவே இல்லை. அம்மா பாலைவனத்தில். அம்மா ஒட்டகத்துக்குப் பக்கத்தில். அம்மா ஏதோ ஒரு பழைய கோட்டையின் படியில், பாதி உயரத்தில் நின்று கையாட்டுகிறாள். நான் அந்தப் படிகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு வரைக்கும் தெரிந்தது. இங்கே மொட்டை மாடியில் காய்கிற துணியை எடுத்துவரச் சொன்னால், "முட்டி புடிச்சிக்குதுடி" என்று உட்கார்ந்துவிடுகிற அதே அம்மா! சின்ன மகள் கூப்பிட்டால் முட்டிக்கு வயசு குறைந்துவிடும் போலிருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை.

மூன்றாவது வாரம் தங்கை குரூப்பில் எழுதினாள்: "அம்மாவுக்கு இங்க நல்லா செட் ஆயிட்சி. விசாவ நீட்டிக்கலாமான்னு பாக்கறோம். அம்மா இன்னா சொல்றாங்களோ அதான்." என்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கே தெரிய எழுதிவிட்டாள். "இருக்கட்டுமே, பாவம், ஒலகத்த பாக்கட்டும்" என்றாள் பெரியம்மா. அம்மா எழுதத் தெரியாதவள், குரல் பதிவில் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "பாக்கலாம்."

அந்த 'பாக்கலாம்' என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு அம்மா வேண்டும். தங்கைக்கு அம்மா கிடைத்துவிடக் கூடாது. இந்த இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இப்போது கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

மறுநாள் காலையிலிருந்து நானும் குரூப்பில் படம் அனுப்ப ஆரம்பித்தேன். எதிர்வீட்டுக்காரி போட்ட மார்கழிக் கோலத்தை எடுத்து, "உன் கோலம் இல்லாம நம்ம வாசல் பாழடைஞ்சி கீதும்மா" என்று சொல்லி அனுப்பினேன். எண்ணூர் கடற்கரைக்குப் போய், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி படத்தில் விழாதபடி குனிந்து நிமிர்ந்து சூரியனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய்க் கூடை நிறையக் காரப்பொடி மீனைப் படம் எடுத்து அனுப்பினேன். அம்மாவுக்கு வஞ்சிரமெல்லாம் பொருட்டே இல்லை, அந்தப் பொடி மீனுக்கு உயிரையே கொடுப்பாள். உடனே அவள் குரல் வந்தது. "இன்னாடி, இம்மாம் பெர்சா கீது காரப்பொடி! இங்க இன்னா மீனு துன்றோம், சப்புன்னு கீது." அதை நான் நாலு தடவை போட்டுக் கேட்டேன். 'சப்புன்னு' என்று அவள் சொன்னதில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "இன்னா, எலக்சன் பிரச்சாரமா? ஓட்டு யாருக்கு வுழும்?" என்றார். தங்கை சும்மா இருப்பாளா? அன்று சாயங்காலமே அம்மாவைக் குளிர்மலை ஒன்றுக்கு ஏற்றி, சால்வை போர்த்தி, கையில் தேநீர்க் கோப்பையோடு நிறுத்தி அனுப்பினாள். பதினோரு இதயம்.

அடுத்த ஞாயிறு நான் பெரிய திட்டமாகப் போட்டேன். காரப்பொடிக் குழம்பு வைத்து, அம்மாவின் சிநேகிதியான பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டேன். அவள் வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கும்போது படம் எடுத்தேன். "உன் தோஸ்து உன்ன கேட்டுகினே கீறாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அடடா, அன்று விழுந்தது பாருங்கள் இதயம்! பதினான்கு. மும்பைப் பெரியம்மாவே "வாயூறுது" என்றாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். கால் தரையில் படவில்லை.

அப்போதுதான் அம்மாவின் குரல் வந்தது. "கொழம்பு நல்லா கீதுடி, கலரே சொல்லுது. ஆமா, ஜன்னலாண்ட இன்னா டேபிளு? என் கட்டிலு எங்க?"

அம்மாவின் இரும்புக் கட்டில் மொட்டை மாடியில் தார்பாய்க்குக் கீழே இருந்தது. அவள் போன பத்தாம் நாள் நானும் வீட்டுக்காரரும்தான் ஏற்றினோம். என் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், இத்தனை நாளும் அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேஜை போட்டோம். அம்மா வருவதற்குள் எடுத்துவிடலாம் என்றுதான் போட்டோம். ஆனால் அன்று மேஜையைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தபோது, வீடு இவ்வளவு பெரிசா என்று தோன்றியது. 'அப்பாடா' என்று என் வாயாலேயே சொன்னேன். அதையும் மறைக்கக் கூடாது.

படத்தை அழித்தேன். என்ன பிரயோஜனம்? எல்லோரும் பார்த்தாகிவிட்டது. நான் அழிப்பதற்கு முன்பே பெங்களூர் மாமா தான் போட்டிருந்த இதயத்தைக்கூட எடுத்துவிட்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் கட்டிலை இறக்கினோம். மின் நிலையத்திலிருந்து பறந்து வந்து அதில் படிந்திருந்த நிலக்கரித் தூசியை மூன்று வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மேஜையை அடுப்படிக்குத் தள்ளினேன். பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். புது விரிப்பு விரித்து, தலையணை வைத்து, படம் எடுத்து அனுப்பினேன். "பெயிண்ட் அடிக்கத்தாம்மா மாடிக்கு எடுத்துகினு போனோம். இதோ கீது பாரு" என்று குரலில் சிரிப்பைக் கொண்டுவந்து சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. எல்லோரும் கேட்கிற அதே குரூப்பில்தான். "பெயிண்டா? காலாண்ட துரு அப்டியே கீதேடி. கட்டில போட்டோக்கு போட்டியா, எனக்கு போட்டியா?" கோபமே இல்லாமல், கடையில் விலை கேட்பது மாதிரி கேட்டாள். "சரி வுடு. டேபிள அங்கயே போட்ரு. கொழந்த பரிச்ச முடியட்டும், நான் அப்பால வரேன்."

பதிவு அதோடு முடியவில்லை. அம்மா பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருக்கிறாள். பின்னாலிருந்து என் தங்கையின் குரல் மெதுவாகக் கேட்டது. "வுடும்மா, அக்கா பாவம்."

மேஜை மறுபடியும் ஜன்னலோரம் வந்துவிட்டது. அம்மா கேட்டதற்கு இன்னும் நான் பதில் அனுப்பவில்லை. அந்தப் பதிவை மட்டும் தினமும் போட்டுக் கேட்கிறேன். அம்மா பேசுவதைத் தாண்டி, நேராகக் கடைசிக்குத் தள்ளி, தங்கை என்னைப் பாவம் என்று சொல்கிற அந்த இடத்தை.