ஆணி அடித்த சூரியத் தாளும் பெரும்பாறை யானைப் பாதையும்

பெரும்பாறைக்கு மேலே ஒரு காபித் தோட்டத்தில், யானை வருவதை அறிவிக்கும் விளக்குக்கு மின்சாரம் தரும் பிளாஸ்டிக் சூரியத் தாளைத் தார்ப்பாய் போல ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். மாட்டியபோதே தவறு என்றேன். சிரித்தார்கள். மழை தொடங்கியபின் அது என்ன ஆனதென்று பார்க்கவே இந்தக் கார்த்திகைப் பயணம்.

வத்தலக்குண்டில் பகல் இரண்டு மணிப் பேருந்து. அய்யம்பாளையம், சித்தரேவு தாண்டி மலையேறியதும் மூடுபனி. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். தலைசுற்றல் உள்ளவர்கள் சன்னலோரம் உட்கார வேண்டாம். வளைவுகளில் பள்ளம் மட்டுமே தெரியும்.

என் தங்கை மகள் செல்வி அங்கே காபிப் பழம் பறிக்கிறாள். வேலை முடிந்ததும் அவளுடன் அவள் வீடு இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர். ஓடை வளைவில் விளக்குக் கம்பம். பக்கத்தில் யானை நடமாடினால் சிவப்பாகச் சிமிட்டும், இல்லையென்றால் அணைந்திருக்கும்.

"வெளக்கு எரியலை மாமா, வெரசா வாங்க. தாண்டிருவோம்."

"நில்லு தாயி. வெளக்கு செத்துக் கெடந்தாலும் இப்படித்தான் இருக்கும்."

"எதுக்கெடுத்தாலும் சந்தேகம். அத்தையப் பொண்ணு பாக்கப் போனப்பவும் வாசல்லயே நின்னீங்களாமே!"

நான் பதில் சொல்வதற்குள் ஓடைக்கு அப்பால் மூங்கில் முறிந்தது. பச்சைச் சாணத்தின் வாடை. பிறகு, பனிக்குள் பெரிதாக ஒரு மூச்சு. செல்வி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல், வந்த வழியே காபி உலர்த்தும் களத்துக் கொட்டகை வரை நடந்தோம். விளக்கு கடைசிவரை சிமிட்டவில்லை.

மறுநாள் காலை மேற்பார்வையாளரை அழைத்துக்கொண்டு, தாள் மாட்டியிருந்த மோட்டார் கொட்டகைக் கூரைக்கு ஏணி போட்டேன்.

"பிளாஸ்டிக்குல தண்ணி எறங்குமா பெருசு? களத்துத் தார்ப்பாயெல்லாம் ஆணியிலதான நிக்குது?"

எனக்குப் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பு. ரேடியோ பழுது பார்த்துக்கொண்டே புத்தகம் வாங்கிப் படித்தவன். சாதாரணப் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது. இந்தத் தாளுக்குள் மையாகப் பூசியிருப்பது வேறு வகை. அதன் கரிமச் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அதனால் எலக்ட்ரான்கள் சங்கிலி நெடுக நகர முடியும். வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கும். சிலிக்கான் போல அதுவும் ஒரு குறைகடத்திதான். ஆனால் காற்றும் ஈரமும் வெயிலோடு சேர்ந்தால் அந்தச் சங்கிலி சிதையும். அதற்காகத்தான் இரண்டு உறைகளுக்கு நடுவே அடைத்து, விளிம்பை ஒட்டி அனுப்புகிறார்கள். ஆணி அடித்தால் அந்தத் துளை வழியே ஈரம் உள்ளே போகும்.

தாளில் பதினோரு ஆணிகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கருநீலம் வெளுத்து, தேமல் போலப் படர்ந்திருந்தது. மேற்பார்வையாளர் விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"இங்க யாரும் சொல்லலைங்களே," என்றார்.

"நான் சொன்னேன்."

மலைக்கு வருகிறவர்களே, அணைந்த விளக்கை நம்பி எந்தப் பாதையிலும் இறங்காதீர்கள். ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேருங்கள். விற்ற நிறுவனம் புதுத் தாள் தரவேண்டும். ஆணி கூடாதென்று தாளின் மேலேயே தமிழில் அச்சிட வேண்டும். தோட்டத்து முதலாளி புதுத் தாளைத் துளை போடாமல் உலோகச் சட்டத்தில் பொருத்த வேண்டும். ஆபத்தில்லாதபோது பச்சை எரியும்படி விளக்கை மாற்ற வேண்டும். அப்போதுதான் செத்த விளக்கு செத்ததாகத் தெரியும். அதுவரை, மேற்பார்வையாளர் தினமும் சாயங்காலம் ஓடை வளைவில் தீப்பந்தத்துடன் ஆள் நிறுத்த வேண்டும். செல்வி இன்றும் வெள்ளனே வேலைக்குப் போயிருக்கிறாள். அந்த ஆள் இருட்டுவதற்குள் அங்கே நிற்க வேண்டும்.