முத்து அண்ணன் போனில் கெட்டிமேளம்

எழுதலாமா வேண்டாமா என்றே எத்தனையோ தைப்பூசத்தைக் கடத்திவிட்டேன். போன வாரம் கிள்ளான் கோயிலில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் எழும்பியதும் எல்லார் கையும் அட்சதை தூவியது. என் கை காதைப் பொத்தியது. இனியும் மறைத்தால் முருகன் பொறுக்கமாட்டான்.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் சின்னக் கம்பெனி. மல்லிகை வாசம் படியேறி வரும். கைப்பேசி நிறுவனம் ஒன்று, பாட்டு, ராசிபலன் எல்லாம் வெளியாட்களும் செய்து தரலாம் என்று கதவைத் திறந்துவிட்ட காலம். ஒருவரைப் போனில் கூப்பிட்டால் மணிக்குப் பதில் நம் காதில் பாட்டுக் கேட்குமே, நினைவிருக்கிறதா? அதுதான் எங்கள் சரக்கு. ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்திய எனக்கு, எந்த எண்ணுக்கும் பாட்டுப் போடும் கணினி கிடைத்தது. தலைகால் புரியவில்லை.

"பாட்டுக்கு ஆளு சேரலன்னா நம்மள வெளிய தள்ளிருவாங்க லா," என்றார் முதலாளி. தெரிந்தவர்கள் எண்ணுக்கெல்லாம் கேட்காமலே பாட்டுப் போட்டேன். பக்கத்து வீட்டில் லோரி ஓட்டும் முத்து அண்ணனுக்கு மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது. அவருக்குக் கெட்டிமேளம்.

போனை வாங்கிக் கொடுத்தவர் வருங்கால மருமகன் சிவா. பாட்டும் அவர் வேலை என்றே எல்லாரும் நினைத்தார்கள். "மாப்ள குறும்பப் பாத்தியாடா!" என்று அண்ணன் என்னிடமே பெருமைப்பட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். நடுவீட்டில் அவரைக் கிடத்தியிருக்க, அவர் போனைக் காணோம். தேடுவதற்காக அண்ணன் மனைவி கமலா அக்கா தன் போனிலிருந்து கூப்பிட்டார். போன் வெளியே லோரிக்குள் அடித்தது. அக்கா காதில் கெட்டிமேளம்.

"தாலி எறக்கப் போறவ காதுல இதையா மாப்ள போட்டு வச்சீங்க?"

"அத்தே, சத்தியமா நான் போடல."

"பொணத்து முன்னால பொய் வேறயா?"

நாற்காலி அடுக்கிக்கொண்டு அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை போதும். அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினேன். மறுநாள் ஆபீசில் இரண்டு தட்டுத் தட்டிப் பாட்டை எடுத்தேன். அவ்வளவு சுலபம். பழியைத்தான் எடுக்கவில்லை. அதன்பின் தீபாவளிக்கு மகள் தனியாகத்தான் வந்தாள்.

கம்பெனி மூடியாயிற்று. மேல்மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. அந்த மாதிரிப் பாட்டு வைப்பாரும் இல்லை. அக்காவும் மருமகனோடு பேசாமலே சாமியிடம் போய்விட்டார்.

நீங்கள் இதை யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், என்மேல் இரக்கப்பட்டுக்கூட மாற்றவேண்டாம். பாட்டைப் போட்டது சிவா இல்லை. பக்கத்து வீட்டுக்காரன்.