ஜிம்மி எழுந்து நடந்ததைப் பற்றி இரண்டாம் முறை

கர்த்தருக்குள் பிரியமான உடன்பிறப்புகளே, பீளமேட்டில் பெண்கள் விடுதி நடத்தும் என்னை உங்களில் பலருக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு முன்பு நம் சபையில் மைக்கைப் பிடித்து, என் நாய் ஜிம்மியின் மூட்டுவலி ஜெபத்தால் பறந்துபோனது என்று சாட்சி சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, உண்மையில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஜிம்மி வயதான லேப்ரடார். விடுதிப் பிள்ளைகள் ஆளுக்கொரு சப்பாத்தி, பிஸ்கட் என்று போட்டுப் போட்டு அவனைப் பீப்பாய் மாதிரி ஆக்கிவைத்திருந்தார்கள். மழைக்காலம் தொடங்கியதும் அவனுடைய பின்னங்கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. டைல்ஸ் தரையில் முன்னங்காலை ஊன்றி எழப்பார்ப்பான். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். அப்படியே உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பான்.

ஊசி போட்டு அனுப்பிவிடச் சொன்னவர்கள் நிறைய. அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். விடுதிப் பிள்ளைகள் படிப்பு முடிந்தால் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். நான் தனி ஆள். இத்தனை வருடமும் என்னோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

அப்போதுதான் அக்கா வந்தார். பெயரை எழுதவில்லை. நம் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர் யாரென்று உங்களுக்கே தெரியும். அவர் வீடு எனக்கு அடுத்த தெரு. அவருக்கும் முழங்கால் வலி உண்டு, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நாய்க்கு ஜெபமா என்று மற்றவர்கள் சிரித்தபோது, "கண்ணு, அதுவும் ஆண்டவர் படைச்ச உசுருதானுங்க" என்று சொன்ன ஒரே ஆள் அவர். அந்த ஒரு சொல்லுக்காக அவர் காலில் விழக்கூட நான் தயாராக இருந்தேன்.

தினமும் சாயங்காலம் வருவார். ஜிம்மியின் இடுப்பில் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபிப்பார். முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு இனிப்புப் பன்னை எடுத்து அவனுக்கு ஊட்டுவார். சில நாட்களிலேயே ஜிம்மி எழுந்தான். கேட் வரைக்கும் போய்ப் பால்காரரைப் பார்த்துக் குரைத்தான். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் முன்னால் சாட்சி சொன்னேன். அதன்பிறகு எத்தனை வீடுகளில் அக்காவைக் கூப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

புது வருடம் பிறந்த கையோடு ஜிம்மி சாப்பாட்டைத் தொடவில்லை. காபித் தூளைக் கரைத்த மாதிரி வாந்தி எடுத்தான். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அந்த அம்மா அவன் ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், இரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்.

"மனுசங்க சாப்பிடற வலி மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா? அது நாய்ங்களுக்கு ஆகாதுங்க. வயித்துல புண்ணாகி ரத்தம் கசியுது" என்றார்.

ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை, ஜெபத்தால் குணமானவன் என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். பிறகு வெளியே வந்து, ஜெபிக்கச் சொல்வதற்காக அக்காவுக்குப் போன் போட்டேன். மருத்துவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

"நாந்தான் கண்ணு, என்ற முழங்கால் வலி மாத்திரையப் பொடிச்சு பன்னுல வெச்சுக் குடுத்துபோட்டேன். ஆண்டவர் செய்வாருன்னு தெரியும். நேரமாகுமோன்னு கொஞ்சம் கை குடுத்தேன்" என்றார்.

கை கொடுத்தாராம். ஆண்டவருக்கு! அக்கா கை வைத்து ஜெபித்தபோது நானும் பக்கத்தில் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே. கண்ணைத் திறந்ததும் என் முன்னாலேயே அந்தப் பன்னை ஊட்டியிருக்கிறார். விரோதி செய்திருந்தால் சபித்துவிட்டுப் போயிருப்பேன். அவரை நான் தாய்க்குச் சமமாக வைத்திருந்தேன்.

சிறுநீரகமும் அடிவாங்கியிருக்கலாம், பிழைப்பான் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தேன். யாரையும் ஜெபிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. என் ஆண்டவரையும் சேர்த்தே சந்தேகப்பட்டேன். "நீரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? இனி அவன் நடக்கக்கூட வேண்டாம். உயிரோடு கொடும்" என்று கோபமாகத்தான் கேட்டேன். பக்தியான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

டிரிப்ஸ் ஏறியது, வயிற்றுக்கு மருந்து போனது. வாந்தி நின்றது. அடுத்தடுத்த நாட்களில் தண்ணீர் குடித்தான், பிறகு கொஞ்சம் கஞ்சி. சிறுநீரகம் தப்பித்துவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான். என் ஆண்டவர் செவிகொடுத்தார்.

மூட்டுவலி போகவில்லை. அதைக் குணமாக்க முடியாது, சமாளிக்கத்தான் முடியும் என்று மருத்துவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் எடையைக் குறைத்தோம். சப்பாத்தி போடும் பிள்ளைக்கு அன்று சாப்பாடு கிடையாது என்று மிரட்டிவைத்தேன். பிள்ளைகளே தங்கள் பழைய யோகா பாய்களைத் தரை முழுக்க விரித்துவிட்டார்கள், இப்போது அவன் வழுக்குவதில்லை. காலையில் வெந்நீர் ஒத்தடம். தெருமுனை வரைக்கும் மெதுவாக ஒரு நடை, அவன் நின்றால் நானும் நிற்பேன். வயிறு ஆறிய பிறகு, நாய்களுக்கென்றே உள்ள மாத்திரையை அவர் எழுதிக்கொடுத்தார். அவ்வப்போது இரத்தப் பரிசோதனை உண்டு. அந்த மாத்திரையை என் கையால் நான் மட்டுமே கொடுக்கிறேன். ஆனாலும் படுத்தவன் எழுவதற்கு வயிற்றுக்கடியில் துண்டைப் போட்டு நான் தூக்கிவிட வேண்டியிருந்தது. ஒரு தடவையாவது தானாக எழுந்து நடக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் காலையில் அக்கா வந்தார். அந்தப் போனுக்குப் பிறகு முதல் தடவையாக. கேட்டுக்கு வெளியே நின்றார், கூப்பிடவில்லை. நான் போர்டிகோவில் நின்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜிம்மி தலையைத் தூக்கிப் பார்த்தான். முன்னங்காலை ஊன்றினான். பின்னங்கால் நடுங்கியது, ஆனால் நின்றுவிட்டது. துண்டு என் தோளில்தான் கிடந்தது. நொண்டி நொண்டிக் கேட் வரைக்கும் போய், கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி அவர் கையை நக்கினான். அந்தக் கையில் அன்று ஒன்றும் இல்லை. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்துவிட்டார், சபையாரே. நடக்கவைத்தார். யாரிடம் நடக்கவைத்தார் என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

உங்கள் வீட்டில் வலியோடு கிடக்கும் உயிர் எதுவானாலும், வெட்கப்படாமல் கர்த்தரிடம் கேளுங்கள். மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். தாமதமானால் ஆகட்டும், ஆண்டவருக்கு யாரும் கை கொடுக்கத் தேவையில்லை. ஸ்தோத்திரத்தோடு ஒரு ஜெபக் குறிப்பும் வைக்கிறேன். அன்றைக்கு நான் கேட்டைத் திறக்கவில்லை. ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவன் மன்னித்துவிட்டான். எனக்காக ஜெபியுங்கள்.