காற்றாடிக்குப் பின்னால் ஓர் இருக்கை

சோளக்காட்டுப் பக்கம் பரண் கட்டுவதென்றால் மாதனைத்தான் கூப்பிடுவார்கள். காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க அவர் மூங்கிலில் கட்டிக் கொடுத்த பரண் மூன்று மழைக்கும் அசையாது. ஐம்பத்தாறு வயதில் அந்தப் பேர்தான் அவருக்குச் சொத்து.

அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் அடிவாரத்துக் கல்லூரியிலிருந்து யுவராஜ் என்ற ஆசிரியர் ஒரு படத்தோடு வந்தார். நூறு வருஷத்துக்கு முந்திய ராணுவ விமானமாம். எதிரிப் படை எங்கே நிற்கிறதென்று வானத்திலிருந்து வேவு பார்க்க, சோதனைக்குச் செய்ததாம். கண்காட்சிக்கு அதே அளவில் மூங்கிலும் துணியுமாக ஒன்று வேண்டும் என்றார்.

மாதனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இறக்கைக்கு மேலே இன்னோர் இறக்கை எதற்கு? வெயிலுக்குக் கூரையோ? அதுகூடப் போகட்டும். மூக்கில் சுழல வேண்டிய காற்றாடி, ஆள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. வரைந்தவர்தான் தவறாகப் போட்டிருப்பார் என்று முடிவுகட்டி முன்னால் மாட்டிவிட்டார். "படிச்சவங்க போட்ட படத்தை நீங்க திருத்தறீங்களாக்கும்" என்று அவர் மனைவி மயிலம்மாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மிளகு காயப்போடப் போனாள்.

லாரி வரும் நாள் காலையில், கட்டு இறுகியிருக்கிறதா என்று பார்க்க மாதன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே காற்றாடிப் பலகை. குனிந்தார், எக்கினார். சரிவில் மேய்கிற தன் ஆட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை. காவலாளியின் கண்ணை மறைத்து எந்தப் பரணையாவது அவர் கட்டியதுண்டா?

அதற்குள் லாரியும் வந்தது. யுவராஜ் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அசல் விமானமே என்று மகிழ்ந்துபோனார். காற்றாடியை அவர் கவனிக்கவே இல்லை. மாதனுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. படித்தவருக்கே தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டு ஏற்றிவிடலாமா?

"சார், காத்தாடிய நான் மாத்திக் கட்டிப்போட்டேனுங்க. பிரிச்சுத்தான் ஆகோணும்."

யுவராஜ் படத்தை எடுத்துப் பார்த்துத் திகைத்தார். "இருக்கட்டும் மாதண்ணா. முன்னால இருந்தாத்தான் பசங்களுக்கு விமானம்னு தெரியும்."

"அப்ப வேவு பாக்கப் போனவன் எதைப் பாப்பானுங்க? நீங்களே உக்காந்து பாருங்க."

அவர் ஏறி உட்கார்ந்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டினார். பிறகு இறங்கி, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுத் தாரேனுங்க."

இருட்டினால் மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் இந்தப் பாரத்தோடு இறங்க மாட்டேன் என்று டிரைவர் முறைத்தார். மாதன் காதில் வாங்காமல் முதல் முடிச்சை அறுத்தார்.