லாத்திர் சேனின் இடதுபக்கப் பல்

என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. என் பற்கள்தான் பலகை. எங்கள் ஃபாத்திக் ஊர்ச் சந்தையில் மீன்காரிகளின் வரிசை முடிகிற மூலையில் ஒரு சாக்கை விரித்து, மென்று பல் தேய்க்கிற பல்குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி உட்கார்ந்திருப்பேன். எனக்கு இடதுபக்கம் சுவர், வலதுபக்கம் சனம் நடக்கிற வழி. வாயில் எப்போதும் ஒரு குச்சி இருக்கும். யாராவது நின்றால் குச்சியை எடுத்துவிட்டு, வலதுபக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பேன். 'இந்தக் குச்சிதான், வேற ஒண்ணும் கிடையாது' என்பேன். வாங்கிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்து என் பல்லைக் காட்டிவிட்டுப் போகிற தாய்மார்களும் உண்டு. எனக்குத் தலைக்கனம் ஏறியதில் என்ன ஆச்சரியம்?

அந்தத் தலைக்கனத்தை வெள்ளிக்கிழமைதோறும் இறக்க வருகிறவள் அவா தியாத்தா. எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தின் பல் டாக்டர். தெற்கிலிருந்து வந்த ஜோலா இனத்துக்காரி. நானோ செரேர் இனம். முன்னோர் காலத்து வழக்கப்படி செரேரும் ஜோலாவும் கண்ணில் பட்டால், யார் யாருக்கு எஜமானர் என்று வம்புக்கு இழுத்தே ஆகவேண்டும், இழுக்காமல் போவதுதான் மரியாதைக் குறைவு. கோபப்பட்டவன் தோற்றவன். நாங்கள் கம்பஞ்சோறு தின்கிறவர்கள், அவர்கள் அரிசிச்சோறு, வம்பு அங்கேயிருந்துதான் தொடங்கும்.

"என்ன கம்புதின்னி, இன்னிக்கு எவன் வேலியைப் பிடுங்கிட்டு வந்து விக்கிற?" என்பாள்.

"வா சோத்துமூட்டை! மென்னு பழகாத வாய்க்கு எதுக்குக் குச்சி?"

"உன் வாய் ஒருநாள் என் நாற்காலிக்கு வரும்ல, அப்ப பேசிக்கலாம்."

ஒருநாள் சுற்றி ஆள் கூடியிருந்த தைரியத்தில் என் நாக்கு நீண்டுவிட்டது. "என் வாயா? அது உன் நாற்காலிக்கு வந்துச்சுன்னா, ஜோலாக்காரங்கதான் எங்க எஜமானருங்கன்னு இதே சந்தையில நின்னு கத்துறேன்!"

மீன்காரிகள் கைதட்டினார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கட்டுக் குச்சியை வாங்கிக்கொண்டு போனாள்.

மழைக்காலம் முடிவதற்குள் வந்தது வினை. சாயங்காலங்களில் தையல்காரன் பிராம் கடை வாசலில் தேநீர் காய்ச்சுவோம். முதல் கிளாஸ் கசப்பு, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது முழுக்கச் சர்க்கரை. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்தால் காய்ச்சியவனை அவமதித்ததாக ஆகிவிடும். அன்றைக்கு மூன்றாவது கிளாஸ் வாயில் பட்டதும் இடதுபக்க மேல்பல்லில் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னடா லாத்திர், அழுவுற?" என்றான் பிராம்.

"உன் தேத்தண்ணி அவ்வளவு ருசி" என்றேன். அந்தப் பொய்க்குப் பரிசாக இன்னொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தான்.

வீட்டில் என் மனைவி தெனிங் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். "ஓட்டைதான். ஒரு கம்பு மணி அளவுகூட இல்ல. தியாத்தாகிட்ட போனா அரைமணி நேரத்துல அடைச்சு விட்டுருவாங்க."

"அவகிட்டயா? உயிர் போனாலும் போகமாட்டேன்."

"உயிர் போகாது. பல்லுதான் போகும். சிரிச்சா தெரியிற இடம் வேற. அங்க ஒரு சந்து விழுந்தா, பல்லில்லாதவன்கிட்ட எவன் வந்து பல்குச்சி வாங்குவான்?"

அது எனக்கும் தெரியும். தெரிந்தும், வலதுபக்கத்தால் மட்டும் மென்றேன், கிராம்பை அடக்கிக்கொண்டேன், மூன்றாவது கிளாஸை யாரும் பார்க்காதபோது மணலில் ஊற்றினேன். தேநீரை மணலுக்குக் கொடுத்த பாவத்துக்கு இன்னும் எத்தனை பல் போகப்போகிறதோ என்றும் பயந்தேன்.

கடைசியில் எனக்கு மூளை வேலை செய்தது, அல்லது வேலை செய்வதாக நினைத்துக்கொண்டேன். கவ்லாக் நகரத்தில் வேறு பல் டாக்டர் இருக்கிறாரே! 'சொந்தக்காரன் வீட்டில் பெயர்சூட்டு விழா' என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, விழாவுக்கு ஏற்ற நீளச் சட்டையும் போட்டுக்கொண்டு, வாடகை வண்டியில் ஆறு பேரோடு நெருக்கியடித்துப் போனேன். சொன்ன தெருவைக் கண்டுபிடித்து, வாசற்படியில் காலும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் பலகையைப் படித்தேன்.

டாக்டர் தால்.

தால் என்பது புலார் இனத்துக் குடும்பப்பெயர். செரேர்களை வம்புக்கு இழுக்க ஜோலாக்களுக்கு உள்ள அதே உரிமை புலார்களுக்கும் உண்டு, அவர்கள் வாய் இன்னும் நீளம். ஊர்க்காரியிடம் அவமானப்படாமல் இருக்க இவ்வளவு தூரம் செலவழித்து வந்து, அசலூர்க்காரனிடம் அவமானப்படுவதா? வைத்த காலை எடுத்தேன். அடுத்த வண்டியில் ஊர் திரும்பிவிட்டேன்.

"விழாவுல சாப்பாடு எப்படி?" என்று தெனிங் கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் பதில் சொல்வதற்குள் குளிர்ந்த தண்ணீரை நீட்டினாள். குடித்தேன். சுரீர் என்று உச்சந்தலைவரை ஏறியது. மறுநாள் காலையில் தியாத்தாவின் நாற்காலியில் இருந்தேன்.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊசி போட்டாள், குடைந்தாள், துடைத்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு வம்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பயம் பிடித்துக்கொண்டது. செரேர்க்காரன் மல்லாந்து கிடக்கிறான், ஜோலாக்காரி சும்மா இருக்கிறாள் என்றால் என் நிலைமை எவ்வளவு மோசமாக இருக்கவேண்டும்? அவள் கை எடுத்ததும் மரத்த நாக்கால் உளறினேன்.

"சொல்லிடு தாயி. தேறமாட்டேனா?"

"சின்ன ஓட்டை. அடைச்சாச்சு. இன்னும் நாள் கடத்தியிருந்தாதான் பிடுங்க வேண்டியிருக்கும்."

"அப்புறம் ஏன் வம்பே பேசல?"

"நீ வாயைத் திறந்துக்கிட்டுல்ல கிடந்த. பதில் சொல்ல முடியாதவனை எப்படி வம்புக்கு இழுக்குறது?" என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இவளுக்குப் பயந்தா கவ்லாக் வரைக்கும் ஓடினேன்?

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வந்தாள். கம்புதின்னி என்றாள், வேலி என்றாள், குச்சிக்கட்டை எடுத்தாள். நாற்காலியைப் பற்றி மூச்சுவிடவில்லை. யாருக்கும் தெரியாது, அவளும் சொல்லப்போவதில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் போதும். அவள் நாலடி போனதும், இதே சந்தையில் கொடுத்த வாக்கு உறுத்தி, என்னால் முடியவில்லை. சாக்கின்மேல் ஏறி நின்றேன்.

"கேட்டுக்குங்க! ஜோலாக்காரங்கதான் எங்க எஜமானருங்க!"

"இவனுக்கு வெயில் ஏறிடுச்சு" என்றாள் ஒரு மீன்காரி.

அவா தியாத்தா திரும்பி வந்தாள். "மரப்பு போயிடுச்சா? நல்லாப் பேச வருதா?"

"வருது."

"பதில் சொல்லுவல்ல?"

"சொல்லுவேன்!"

அதற்குத்தான் காத்திருந்தாள். இடுப்பில் கை வைத்து, கடைசி மீன்காரிக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள். "இவன் வலதுபக்கப் பல்லு கண்ணாடி மாதிரி மின்னுது. இடதுபக்கம் ஓட்டை! ஏன்னு கேளுங்க. வலதுபக்கம் சந்தை, இடதுபக்கம் சுவர். செரேர்க்காரன் ஆளு பாக்குற பக்கம் மட்டும்தான் பல்லு தேய்ப்பான்!"

மீன்காரிகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பிராம் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நான் நாக்கால் இடதுபக்கத்தைத் தடவிப் பார்த்தேன். உண்மைதான். அந்தப் பக்கம் குச்சியைச் செருகி வைத்திருப்பதோடு சரி. பதில் சொல்ல வாய் இருந்தது, பதில்தான் இல்லை.

அன்று சாயங்காலமே சாக்கை வழிக்கு அந்தப்பக்கம் இருந்த எதிர்ச்சுவர் ஓரமாக மாற்றி விரித்தேன். இப்போது சனம் நடப்பது எனக்கு இடதுபக்கம். பிரச்சினை தீர்ந்தது என்று தெனிங்கிடம் பெருமையாகச் சொன்னேன்.

கம்பு புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்ப அடுத்த ஓட்டை வலதுபக்கமா?" என்றாள்.